'துடை' பட்டன் ஏன் வேலை செய்யவில்லை: பழைய ஃபார்மின் ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் புதுப்பிக்கும் வழி

ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறை ஒன்றிலிருந்து போன் வந்தது. "தம்பி, புது லேப்டாப் வாங்கியாச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தத் துடைங்கிற பட்டனை அமுக்குனா மட்டும் ஒண்ணும் நடக்கமாட்டேங்குது."

காரைக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆர்டர் எடுக்கும் பக்கம் அது. வாடிக்கையாளர் பெயர், ஊர், அறையின் நீளம், அகலம், கல்லின் அளவு, நிறம், பார்டர் வேண்டுமா என்று ஒரு டிக், வீட்டு வரைபடத்தை இணைக்க ஒரு இடம். கீழே கணக்கிடு, அனுப்பு, துடை என்று மூன்று பட்டன். இருபது வருடத்துக்கு முன்னால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய பிரவுசர் ஓடிய காலத்தில் யாரோ எழுதியது. எழுதியவர் இப்போது ஊரில் இல்லை. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தவரை பிரச்சினை தெரியவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் முடித்துக்கொண்டது. புது லேப்டாப்பில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

இந்த மாதிரிப் பக்கங்கள் நம் பக்கத்துக் கடை, பட்டறை, சங்கம் என்று நிறைய இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு முதல் வேலையாக இதைத்தான் கையில் வாங்குவீர்கள். அப்படி வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். கோடில் வரும் சொற்களைப் போனில் சொல்லிக்கொடுப்பதுபோல ஒலிப்பிலேயே தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்து; 'டாட்' என்றால் புள்ளி.

முதலில் எதையும் தொடாதீர்கள்

கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து, தேதி போட்டுத் தனியாக வையுங்கள். அப்புறம் புதிய பிரவுசரில் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, கன்சோலை, அதாவது பிரவுசர் பிழைகளைக் காட்டும் பகுதியை, பார்த்துக்கொண்டே துடை பட்டனை அழுத்துங்கள். சிவப்பில் வரும் முதல் வரிதான் முக்கியம். அதற்குக் கீழே பத்து வரி வந்தாலும் பெரும்பாலும் முதல் வரியின் பிள்ளைகள்தான்.

சிவப்பே வராமல், எதுவும் நடக்காமல் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பட்டனுக்கும் ஃபங்ஷனுக்கும் தொடர்பே ஏற்படவில்லை, அல்லது ஏதோ ஒரு 'இஃப்' எல்லா வழியையும் தாண்டி வெளியே விட்டுவிட்டது என்று அர்த்தம்.

பட்டறையில் எனக்கு வந்தது, 'அன்டிஃபைன்ட்' ஒன்றிலிருந்து எதையோ படிக்க முடியவில்லை என்ற வரி. அந்த வரி எண்ணைச் சொடுக்கினால் நேராகப் பழைய கோடின் நடுவில் போய் நிற்கும்.

பழைய கோட் என்னதான் சொல்கிறது

அந்த ஃபங்ஷனைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: டாக்குமென்ட் டாட் ஆல் இருக்கிறதா? இருந்தால் அதன் வழியாக ஃபார்மைப் பிடி. இல்லாவிட்டால் டாக்குமென்ட் டாட் லேயர்ஸ் வழியாகப் பிடி. பிடித்த ஃபார்மில் ஒவ்வொரு கட்டமாகப் போய் உள்ளே இருப்பதைக் காலியாக்கு.

1997-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-ம் அதன் போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப் 4-ம் ஒரே வருடத்தில் வந்தன. பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பிடிக்க முதலாவது 'ஆல்' என்றது, இரண்டாவது 'லேயர்ஸ்' என்றது. எல்லாருக்கும் பொதுவான 'கெட் எலிமென்ட் பை ஐடி' 1998-ல்தான் தரநிலையாக வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டுக்கும் கோட் எழுதினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

அப்படியென்றால் இன்று என்ன ஆகிறது? டாக்குமென்ட் டாட் ஆல் இன்றைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருக்கிறது. ஆனால் 'இருக்கிறாயா' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லும். 'டைப் ஆஃப்' போட்டுப் பார்த்தால் 'அன்டிஃபைன்ட்' என்று வரும். எக்ஸ்ப்ளோரரை அடையாளம் காண இந்தக் கேள்வியைக் கேட்ட பழைய பக்கங்கள் ஏமாந்து எக்ஸ்ப்ளோரர் வழியில் போய்விடக் கூடாது என்று தரநிலையிலேயே வேண்டுமென்று வைத்த பொய் இது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அல்லவா? முகப்பு பூட்டியிருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, நம் பழைய கோட் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிறது. அங்கே லேயர்ஸ் என்று ஒருவரும் இல்லை. சிவப்பு வரி.

இதேபோல 'நேவிகேட்டர் டாட் ஆப்நேம்' பார்த்து முடிவெடுக்கும் கோடும் வரும். இன்றைய பிரவுசர் எதனிடம் கேட்டாலும் தன் பெயர் 'நெட்ஸ்கேப்' என்றே பதில் சொல்லும். குரோமும் அப்படித்தான். செத்துப்போனவர் பெயரில் இன்னும் ரேஷன் வாங்குகிறார்கள். ஆகவே பிரவுசர் பெயரைக் கேட்கும் 'இஃப்' எதைக் கண்டாலும், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, மொத்தமாக எடுத்துவிடலாம். புதிதாக ஒரு பிரவுசர் பெயரைச் சேர்த்து ஒட்டுப்போடாதீர்கள்.

ரீசெட்டா, காலியா?

கை வைக்கும் முன் பட்டனை அழுத்துகிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அழுத்தினால் என்ன ஆக வேண்டும்?

கேட்பது சும்மா இல்லை. பிரவுசரிலேயே ஃபார்முக்கு ரீசெட் என்று ஒரு வசதி உண்டு; ஆனால் அது காலி செய்வது கிடையாது. பக்கம் திறந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்புவது. நிறம் 'சிவப்பு' என்று தேர்ந்தபடி திறந்தால் ரீசெட்டுக்குப் பிறகும் சிவப்புதான். ஹெச்டிஎம்எல்லில் எழுதிய மதிப்பை ஒவ்வொரு கட்டமும் 'டிஃபால்ட் வேல்யூ' என்று ஞாபகம் வைத்திருக்கும். டிக் பெட்டிக்கு 'டிஃபால்ட் செக்ட்', பட்டியலில் உள்ள தேர்வுக்கு 'டிஃபால்ட் செலக்டட்'. ரீசெட் இவற்றைத்தான் திரும்ப எழுதுகிறது.

பட்டறையில் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "சிவப்பும் எட்டு இஞ்சும் அப்படியே நிக்கட்டும். முக்கால்வாசிப் பேரு அதத்தான் கேக்கிறாங்க" என்றார். பழைய கோட் எல்லாவற்றையும் காலியாக்கியதால் இத்தனை வருடமாக ஒவ்வொரு ஆர்டருக்கும் திரும்பத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்காமல் பழையதை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால் அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துப் பெயர்த்திருப்பேன்.

ஒரு இடத்தில் மட்டும் ரீசெட் ஆளைக் குழப்பும். பழைய ஆர்டரைத் திருத்துவதற்காகத் திறக்கும் பக்கம் இருந்தால், அதில் சர்வரே பெயர், ஊர், அளவு எல்லாம் நிரப்பிக் கொடுத்திருக்கும். அங்கே 'ஆரம்ப நிலை' என்பது பழைய வாடிக்கையாளரின் விவரம். துடை என்று எழுதிய பட்டன் துடைக்காமல் அவரைத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்தும். அந்தப் பக்கத்தில் பட்டன் மேல் 'மாற்றத்தை விடு' என்று எழுதுங்கள், சரியாகிவிடும்.

இருபது வரிக்குப் பதில் ஒரு சொல்

ரீசெட் போதும் என்று முடிவானால் ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை. பட்டனின் 'டைப்' என்ற இடத்தில் 'ரீசெட்' என்று எழுதி ஃபார்முக்குள் வைத்தால் முடிந்தது. பழைய ஃபங்ஷன் முழுவதும் போகலாம். இந்த வசதி அந்தக் காலத்திலும் இருந்ததுதான். ஏன் பயன்படுத்தாமல் விட்டார் என்று அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். நான் திட்டினேன், பலனைக் கீழே சொல்கிறேன்.

"நிஜமாகவே துடைக்கவா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால், ஃபார்மின் ரீசெட் ஈவன்டைக் கவனிக்க வேண்டும். பழைய கோடில் இது 'அட்டாச் ஈவன்ட்' என்று இருக்கும். எக்ஸ்ப்ளோரர் 11-லேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 'ஆட் ஈவன்ட் லிசனர்'. மாற்றும்போது ஒரு இடத்தில் எல்லாரும் வழுக்குவார்கள்: பழையதில் 'ஆன்ரீசெட்', 'ஆன்கிளிக்' என்று 'ஆன்' சேர்த்து எழுத வேண்டும், புதியதில் 'ரீசெட்', 'கிளிக்' மட்டும். 'ஆன்' ஒட்டிக்கொண்டிருந்தால் பிழை எதுவும் காட்டாது, வேலையும் செய்யாது. அரை நாள் போய்விடும்.

வேண்டாம் என்று பதில் வந்தால் தடுப்பதற்குப் பழையதில் 'ரிட்டர்ன் வேல்யூ' என்பதில் 'ஃபால்ஸ்' போட்டிருப்பார்கள். அதற்குப் பதில் ஈவன்ட் டாட் 'பிரிவென்ட் டிஃபால்ட்'. 'சோர்ஸ் எலிமென்ட்' என்று சுருக்கி எழுதியிருப்பதை 'டார்கெட்' என்று மாற்றுங்கள்.

உண்மையிலேயே எல்லாம் காலியாக வேண்டும் என்றால்தான் கட்டம் கட்டமாகப் போகும் கோட் வேண்டும். அப்போதும் எல்லாவற்றின் 'வேல்யூ'விலும் வெற்றுச் சரம் எழுதாதீர்கள். டிக் பெட்டியின் வேல்யூ என்பது டிக் அடித்தால் சர்வருக்குப் போகும் சொல். அதை அழித்தால் அதன்பின் டிக் அடித்தாலும் வெறும் காற்றுதான் போகும். அனுப்பு பட்டனின் வேல்யூ அதன் மேல் எழுதியிருக்கும் பெயர். அதையும் துடைத்துவிட்டு மொட்டைப் பட்டனோடு உட்கார்ந்திருக்கும் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கட்டத்துக்கு வேல்யூவைக் காலியாக்குங்கள், டிக்குக்கும் ரேடியோவுக்கும் 'செக்ட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள், பட்டியலுக்கு 'செலக்டட் இன்டெக்ஸ்' என்பதைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள், பட்டன்களைத் தொடாமல் தாண்டிப் போங்கள்.

பெயரால் வரும் தொல்லைகள்

பட்டனுக்கு 'ரீசெட்' என்றே நேம் அல்லது ஐடி வைத்திருந்தால், கோடில் ஃபார்ம் டாட் ரீசெட் என்று கூப்பிடும்போது ஃபங்ஷன் வராது, அந்தப் பட்டன் வந்து நிற்கும். 'இது ஃபங்ஷன் இல்லை' என்று கன்சோல் சொல்லும். ஒரே தெருவில் இரண்டு வள்ளியம்மை ஆச்சி இருந்தால் வாசலில் நிற்பவர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார். பட்டனின் பெயரை மாற்றிவிடுங்கள். 'சப்மிட்' என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

உங்கள் ஃபங்ஷனுக்கு 'கிளியர்' என்று பெயர் வைத்து, பட்டனுக்குள்ளேயே ஆன்கிளிக்கில் கூப்பிட்டால் அது உங்களிடம் வராது. அந்த இடத்தில் பிரவுசர் முதலில் பட்டனிடம், அப்புறம் ஃபார்மிடம், அப்புறம் டாக்குமென்டிடம் அந்தப் பெயரைத் தேடும். டாக்குமென்டிடம் ஏற்கெனவே ஒரு கிளியர் உண்டு, ஒன்றும் செய்யாத பழைய ஒன்று. அது வந்து சும்மா போய்விடும்.

எக்ஸ்ப்ளோரர் 7 வரை, கெட் எலிமென்ட் பை ஐடி என்று கேட்டால் ஐடி இல்லாவிட்டாலும் அதே நேம் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடும். பட்டறை ஃபார்மில் பாதிக் கட்டங்களுக்கு நேம் மட்டும்தான் இருந்தது. இன்றைய பிரவுசர் 'நல்', அதாவது அப்படி எதுவும் இல்லை, என்று கையை விரித்தது. ஒவ்வொன்றுக்கும் ஐடி சேர்ப்பதைவிட, ஃபார்ம் டாட் எலிமென்ட்ஸ் வழியாக நேமைக் கொடுத்து எடுப்பது சுலபம். ஆனால் சதுர அடைப்பு போட வேண்டும். பழைய எக்ஸ்ப்ளோரர் வட்ட அடைப்பையும் ஏற்றுக்கொள்ளும், அதனால் பழைய கோடில் அப்படியும் இருக்கும். போகிறபோக்கில் இன்னொன்று: 'பை ஐடி' என்பதில் கடைசி எழுத்து சின்ன 'டி'. பெரிய எழுத்தில் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் தேடாதவர்கள் இந்தத் தொழிலில் கிடையாது.

கணக்கிடு பட்டனிலும் ஒரு வம்பு இருந்தது. டைப் எதுவும் எழுதாத பட்டனை எக்ஸ்ப்ளோரர் 7 வரை வெறும் பட்டனாகவே எடுத்துக்கொள்ளும். மற்ற பிரவுசர்களும் அதற்குப் பின் வந்தவையும் அதை 'சப்மிட்' என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, கணக்கிடு என்று அழுத்தினால் அரைகுறை ஆர்டர் பறந்து போய்விடும். ஃபார்முக்குள் இருக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் டைப் எழுதுங்கள். யோசிக்கவே வேண்டாம், எழுதிவிடுங்கள்.

225 கல்

இதெல்லாம் முடித்து, டைப் ரீசெட் போட்டு, பழைய ஃபங்ஷனைத் தூக்கி எறிந்துவிட்டு, காபியும் குடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து மேஸ்திரியிடமிருந்து போன். "ஏம்ப்பா, ஆறுக்கு ஆறு பூஜை ரூமுக்கு 225 கல்லா? செவுத்துலயும் ஒட்டப் போறாங்களா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு இஞ்சுக் கல் ஒரு சதுர அடிக்கு 2.25 வரும். பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடி, 225 கல். ஆறுக்கு ஆறு என்றால் 36 சதுர அடி, 81 கல்தான். பூஜை அறைக்காரருக்கு முன்னால் வந்தவர் பத்துக்குப் பத்து ஹாலுக்குக் கேட்டிருக்கிறார். அவருடைய எண்ணிக்கை அடுத்தவர் தலையில் ஏறியிருக்கிறது.

எப்படி? கணக்கிடு பட்டன் எண்ணிக்கையை இரண்டு இடத்தில் எழுதுகிறது. கண்ணுக்குத் தெரிய ஒரு 'ஸ்பேன்' உள்ளே, சர்வருக்கு அனுப்ப ஒரு 'ஹிட்டன்' கட்டத்தில். ஸ்பேன் ஃபார்மின் கட்டமே இல்லை, ரீசெட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹிட்டன் கட்டம் ஃபார்மைச் சேர்ந்ததுதான், ஆனால் அதிலும் ரீசெட் வேலை செய்யாது. ஹிட்டனின் மதிப்பைக் கோடால் மாற்றும்போது அதன் டிஃபால்ட்டே சேர்ந்து மாறிவிடுகிறது. திரும்புவதற்குப் பழைய நிலை என்று ஒன்று மிச்சமில்லை.

பழைய கோட் இந்த இரண்டையும் கையால் காலியாக்கியிருந்தது. அனுப்பும்போது ஹிட்டன் காலியாக இருந்தால் 'முதலில் கணக்கிடவும்' என்று தடுத்தும் இருந்தது. நான் ரீசெட் போட்டதும் ஹிட்டனில் 225 அப்படியே நின்றது, தடுப்பும் சும்மா விட்டுவிட்டது. அந்தக் காலத்தவர் டைப் ரீசெட்டை ஏன் ஒதுக்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. கல் வார்ப்பதற்கு முன்பே மேஸ்திரி கேட்டதால் தப்பித்தேன். கண்ணாடித் தட்டில் அச்சு வைத்து, சாயம் ஊற்றி, சிமென்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து என்று ஒவ்வொரு கல்லும் கையால் வருவது. 144 கல் வீணாகியிருந்தால் அந்த அண்ணன் முகத்தில் நான் முழித்திருக்க முடியாது.

சரிசெய்த விதம் இது. எண்ணிக்கையைக் காட்டும் ஸ்பேனை எடுத்துவிட்டு 'அவுட்புட்' என்ற எலிமென்ட் போட்டேன். அது ஃபார்மைச் சேர்ந்தது, எண்ணிக்கையை அதன் 'வேல்யூ'வில் எழுதினால் ரீசெட் செய்தபோது தானே ஆரம்ப நிலைக்குப் போகும். ஆனால் சர்வருக்குப் போகாது. ஹிட்டனை ஒழித்துவிட்டு, நீளம், அகலம், கல் அளவு மட்டும் அனுப்பி, எண்ணிக்கையைச் சர்வரிலேயே கணக்கிடும்படி மாற்றினேன். எண்ணிக்கையைப் பிரவுசர் சொல்லி நாம் நம்புவது எப்படியும் சரியில்லை.

சர்வர் பக்கம் உங்கள் கைக்கு எட்டாவிட்டால், ஹிட்டனை ரீசெட் ஈவன்டில் நீங்களே காலியாக்குங்கள். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: ரீசெட் ஈவன்ட் வருவது கட்டங்கள் மாறுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் நீளத்தைப் படித்தால் இன்னும் பழைய பத்துதான் இருக்கும். மாறிய பிறகு எதையாவது படிக்கவோ திரும்பக் கணக்கிடவோ வேண்டுமானால், அந்த வேலையை 'செட் டைம்அவுட்' உள்ளே பூஜ்ஜியம் மில்லிசெகண்டில் வையுங்கள். இன்னொன்று, ரீசெட் நடக்கும்போது கட்டங்களுக்கு 'இன்புட்', 'சேஞ்ச்' ஈவன்ட்கள் வராது. அவற்றை நம்பி ஏதாவது எழுதியிருந்தால் அது எழுந்திருக்காது.

மிச்சம் மீதி

கோப்பு இணைக்கும் கட்டத்துக்குப் பழைய கோடில் ஒரு வித்தை இருக்கும். எக்ஸ்ப்ளோரர் 10 வரை அதைக் கோடால் காலியாக்க முடியாது. அதனால் 'அவுட்டர் ஹெச்டிஎம்எல்' என்பதை அதற்குள்ளேயே திரும்ப எழுதியோ, கட்டத்தைக் குளோன் செய்தோ புதிதாக்குவார்கள். இப்போது அது வேண்டாம். ரீசெட்டே காலியாக்கும், தனியாக வேண்டுமானால் வேல்யூவில் வெற்றுச் சரம் போதும். வித்தையை விட்டுவைத்தால், புதிதாகப் பிறக்கும் கட்டத்தில் நீங்கள் லிசனர் மாட்டியது இருக்காது.

ஃபயர்ஃபாக்ஸில் சோதிக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக ரீலோட் செய்தால் டைப் செய்தது அப்படியே நிற்கும். கோடில் தப்பு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீலோட் செய்யுங்கள், அல்லது ஃபார்மில் 'ஆட்டோகம்ப்ளீட்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள்.

வாடிக்கையாளரே நிரப்பும் ஃபார்ம் என்றால், என் கருத்தில் துடை பட்டனே வேண்டாம். பத்துக் கட்டம் நிரப்பிவிட்டு, அனுப்பு என்று நினைத்து அதை அழுத்திவிட்டுத் திரும்ப வராமல் போகிறவர்கள் உண்டு. கணக்குப்பிள்ளை மாதிரி நாள் முழுவதும் ஆர்டர் போடுகிறவருக்கு அது அவசியம். அவருக்கு வைத்துக்கொடுங்கள், அனுப்பு பட்டனிலிருந்து நன்றாகத் தள்ளி.

எங்கேயாவது இன்னும் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் ஓடவே ஓடாத வேறு பக்கமும் சேர்ந்திருந்தால், எட்ஜ் பிரவுசரில், பக்கத்தை எக்ஸ்ப்ளோரர் மாதிரியே திறக்கும் ஐஇ மோட் என்று ஒன்று உண்டு. குறைந்தது 2029 வரை வைத்திருப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

கடைசியாகச் சோதிக்கும் முறை. துடை அழுத்திப் பார்ப்பது மட்டும் போதாது என்று 225 கல் சொல்லிக்கொடுத்தது. ஒரு ஆர்டரை முழுவதும் நிரப்பி, படமும் இணைத்து, கணக்கிட்டு, அனுப்பாமல் துடையுங்கள். உடனே இரண்டாவது ஆர்டரை வேறு அளவில் போட்டு, இந்த முறை கணக்கிடு அழுத்தாமலே அனுப்புங்கள். எஃப்12-ல் நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, சர்வருக்கு என்ன போனது என்று ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். முதல் ஆர்டரின் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஒரு போன், மூன்றிலும் இதைச் செய்துவிட்டு, தேதி போட்டு எடுத்து வைத்த பழைய பிரதியை ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள்.